விரல் நுனியில் தொடங்கிய இரைச்சல்

"மெற்றல் எண்டாலே வெறும் கத்தல்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கத்தலுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1965இல் பேர்மிங்ஹாம் தொழிற்சாலையொன்றில் ரொனி அயோமியின் இரண்டு விரல் நுனிகளை இயந்திரம் துண்டித்தது. பிளாஸ்ரிக்கை உருக்கி விரல்மூடி செய்தார். கிற்றாருக்கு மெல்லிய கம்பிகள் போட்டு, பிறகு அவற்றைத் தளர்த்தியும் வாசித்தார். பிளாக் சபாத்தின் கனத்த ஒலியில் அந்தக் காயத்துக்கும் பங்குண்டு. பின்னால் வந்த பலர் அந்த ஒலியை இன்னும் கீழே இறக்கினார்கள்.

1982இல் நியூகாசிலின் வெனம் குழு 'பிளாக் மெற்றல்' எண்டு ஒரு அல்பம் போட்டது. வாசிப்பும் பதிவும் கரடுமுரடு. ஆனாலும் ஒரு முழு வகைக்கே அந்தப் பெயர் நிலைத்தது. 1987இல் மீண்டும் பேர்மிங்ஹாம்: நேபாம் டெத்தின் 'ஸ்கம்'. பங்கின் கோபமும் மெற்றலின் கனமும் சேர்ந்து கிரைன்ட்கோர் ஆனது. அதில் ஒரு பாட்டு இரண்டு செக்கனுக்குள்ளேயே முடிந்துவிடும்! அதே வருடம் டெத் குழுவின் முதல் அல்பம் டெத் மெற்றலுக்கு வழி திறந்தது.

டெத் மெற்றல் சுத்தமான ஸ்ரூடியோ ஒலிக்கு மாறியபோது, 1990களின் தொடக்கத்தில் நோர்வேப் பெடியள் வேண்டுமென்றே மோசமான பதிவைத் தேர்ந்தார்கள். வெனமுக்குக் குறையாக இருந்தது, இவர்களுக்குக் கொள்கையானது. அவர்களில் சிலர் தேவாலயங்களைக் கொளுத்தினார்கள், கொலையும் நடந்தது. இசையின் சீற்றத்தைச் சொல்லி அதை நியாயப்படுத்த ஏலாது.

அடுத்தமுறை ஆராவது "கத்தல்" எண்டால், அயோமியிலிருந்து கேட்கச் சொல்லுங்கோ.