செல்லரித்த ஏடுகள்

சென்ற மழைக்காலத்தில் என் புத்தக அலமாரிக்குப் பின்னால், பென்சில் தடிமனில் ஒரு மண்கோடு சுவரில் ஏறியிருந்தது. காரையில் படிந்த கறை என்றே எண்ணியிருந்தேன். பழைய சிற்றிதழ்த் தொகுப்பொன்றை உருவியபோதுதான் விவரம் புரிந்தது. முதுகும் அட்டையும் அப்படியே இருக்க, உள்ளே தாள்கள் இருந்த இடத்தில் மண் இருந்தது. கறையான் வெளித்தோற்றத்தைக் கலைப்பதில்லை. வெளிச்சத்துக்கும் உலர்காற்றுக்கும் அஞ்சி, மண்ணும் எச்சிலும் குழைத்துக் கட்டிய குழாய்க்குள்ளேயே அது நடமாடுகிறது.

அன்றிரவு திருமுறை கண்ட புராணம் நினைவுக்கு வந்தது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த சோழ அரசனும் நம்பியாண்டார் நம்பியும் கண்டது, தேவார ஏடுகளை மூடி வளர்ந்திருந்த புற்றை என்கிறது அந்நூல். எண்ணெய் சொரிந்து மண்ணை நீக்கி, எஞ்சியவற்றை எடுத்தார்களாம். புராணத்தை வரலாறாகக் கொள்ளலாமா என்பது தனி விவாதம். ஆனால் யாரும் புரட்டாத, பூட்டிய அறை என்ற அந்த விவரத்தில் கறையானை நேரில் அறிந்த ஒருவரின் கவனம் தெரிகிறது. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி.வை. தாமோதரம் பிள்ளையும் கைபட்டதும் உதிரும் ஏடுகளை எண்ணித் தம் பதிப்புரையில் புலம்பியிருக்கிறார். நூற்றாண்டுகள் மாறின, எதிரி மாறவில்லை.

இப்பூச்சியைப் பற்றிய தொடக்ககால அறிவியல் கட்டுரைகளுள் ஒன்றும் இதே சோழநாட்டில்தான் உருவாயிற்று. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் டேனியரின் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தவர். தஞ்சைப் பகுதிக் கறையான்களைக் கவனித்து அவர் எழுதியது 1779இல் பெர்லினில் அச்சாயிற்று. ஆப்பிரிக்கக் கறையான்களைப் பற்றிய ஹென்றி ஸ்மீத்மனின் புகழ்பெற்ற கட்டுரை லண்டனில் வெளிவந்தது 1781இல்தான். கோனிக்கின் தலைப்பில் எனக்குப் பிடித்தது ஒரு சிறு சொல். வெறுமனே ‘வெள்ளெறும்புகள்’ என்று எழுதாமல், அப்படி ‘அழைக்கப்படுகிற’ எறும்புகள் என்று எழுதினார்.

அந்தத் தயக்கம் நியாயமானது. கறையான் எறும்பே அல்ல. 2007இல் வெளியான மரபணு ஆய்வு அதனைக் கரப்பான் பூச்சிகளின் வம்சத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தது. சிதல், சிதலை, செல், கறையான் என்று பெயர் பல சூட்டிய தமிழும் அதை எறும்பாக்கவில்லை. நாம் செய்த பிரிவினை வேறு. சிறகு முளைத்துப் பறந்தால் ஈசல் என்று பொரியோடு வறுத்துத் தின்போம். சிறகில்லாமல் நிலைப்படியை அரித்தால் கறையான் என்று சபிப்போம். இரண்டும் ஒரே புற்றின் பிள்ளைகள்.

மழை ஓய்ந்த மாலையில் விளக்கடியில் விழுவதைக் கையிலெடுத்துப் பாருங்கள். ஈசலுக்கு நான்கு சிறகுகளும் ஒரே நீளம்; இடுப்பு தடித்திருக்கும். சிறகெறும்புக்கு முன்சிறகு நீளம். இடை ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். சன்னல் சாத்திய அறைக்குள் ஈசல் சிறகுகள் உதிர்ந்து கிடந்தால், புற்று பெரும்பாலும் நம் சுவருக்குள்ளோ தரைக்கடியிலோதான். மண்கோடே இல்லாமல், நாற்காலிக்கடியில் கசகசாபோன்ற ஆறுபட்டை மணிகள் கொட்டிக் கிடந்தால் அது உலர்மரக் கறையான். அதற்கு மண்ணின் உறவே வேண்டாம்.

என் சுவரில் ஏறிய குழாயை விரற்கடை அளவு உடைத்துவிட்டுப் படுத்தேன். கைவிடப்பட்ட குழாயென்றால் உடைந்தபடியே கிடக்கும். காலையில் அவ்விடம் ஈரமண்ணால் அடைபட்டிருந்தது. அலமாரியைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டு, எஞ்சிய இதழ்களை ஒவ்வொன்றாகப் புரட்டத் தொடங்கினேன்.