தலைச்சுற்று: சப்ரகமுவ தோட்டப்புறங்களில்

தலைச்சுற்று தனி நோயன்று, நோய்க்குறி. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் "தலை சுத்துது" என்ற ஒரே பேச்சுக்குள் மூன்று நிலைகள் அடங்கும்: எழுந்ததும் கண் இருட்டுவது, நடையில் தள்ளாடுவது, லயக் குடியிருப்பும் மலையும் சேர்ந்து சுழல்வதுபோன்ற கிறுகிறுப்பு. எப்படிச் சுற்றுகிறது என்று கேட்டால் விடை நாளுக்கொன்றாக மாறும். எப்போது, எவ்வளவு நேரம், என்ன செய்கையில் என்று கேட்பதே பலன் தரும்.

வெறும் பிளேன்டீயோடு காலையில் மலைக்கு ஏறுவதும் வெயிலும் கண் இருட்டலுக்கு வழிவிடுகின்றன. மலையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. படுத்திருந்தவர் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் கண் இருட்டலுக்குக் காரணம் அந்த அழுத்தக் குறைவே. பிரஷர் குளிசையும் இப்படிச் செய்யும். இரத்தசோகை இன்னொரு காரணம்: கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகை. ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பில் இறங்கியதும் இந்தச் சோகையை முன்னிட்டே. சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலைச்சாயம் உணவின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். கொழுந்து பறிப்பவருக்கு இதைச் சொல்வது சங்கடந்தான்.

பாயில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ ஒரு நிமிடத்துக்கும் குறைவாக உலகம் சுழன்றால் கோளாறு உட்காதில். அங்குள்ள நுண்ணிய சுண்ணாம்புப் பளிங்குகள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்களுக்குள் நுழைந்துவிடுகின்றன. டிக்ஸ், ஹால்பைக் என்ற மருத்துவர்கள் இருவரும் 1952இல் விவரித்த சோதனை இதைக் காட்டிக்கொடுக்கும்: தலையை 45 பாகை திருப்பிச் சட்டெனச் சாய்த்தால் கண்மணிகள் துடிக்கும். கருவி எதுவும் வேண்டாம், ஒரு கட்டில் போதும். ஜான் எப்லியின் முறைப்படி தலையைப் படிப்படியாகத் திருப்பினால் பளிங்குகள் பழைய இடத்துக்குத் திரும்பும். காதிரைச்சலும் செவிமந்தமும் சேர்ந்து மணிக்கணக்கில் சுற்றினால் மெனியர் நோயை நினைக்க வேண்டும்.

ஊரில் எல்லாவற்றுக்கும் பித்தம் என்றே பெயர். உப்பும் சீனியும் போட்ட தேசிக்காய்ச் சாறு வெயில் மயக்கத்துக்கு உதவும், பளிங்குக்கு உதவாது. ஆனால் நாக்குக் குழறினாலோ, பொருள் இரட்டையாகத் தெரிந்தாலோ, நிற்கவே முடியாமல் சரிந்தாலோ அது மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். அப்போது சாறு பிழியும் நேரமும் வீண். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.