முகத்தலும் நிறுத்தலும்

அளவைகளை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நால்வகையாகப் பகுத்தனர் தமிழ் நூலார். எடுத்தல் என்றது நிறுத்தலை. முகந்ததை நிறையாக மாற்றுவது எளிதென்றே பலரும் எண்ணுவர். ஒரு கைப்பிடிப் புதினாவை அமுக்கி அளந்தால் ஓர் எடை. தளர அளந்தால் வேறோர் எடை. அடுக்களையில் இதனால் குழம்பின் சுவை சற்று மாறும், அவ்வளவே. ஏழையின் பங்கை அளக்கும்போதோ அது வழக்காகிவிடும்.

நோன்புப் பெருநாள் தருமமாகிய ஸதக்கத்துல் ஃபித்ர், பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் பேரீச்சம்பழத்திலோ வாற்கோதுமையிலோ ஆளுக்கு ஒரு ஸாஉ என முகந்து கொடுக்கப்பட்டது. நான்கு முத்து சேர்ந்தது ஒரு ஸாஉ. (முத்து என்றதும் கடல் முத்தை நினைக்க வேண்டா, இரு கை சேர்த்து அள்ளும் அளவு அது.) மதீனா வேளாண்மை ஊர், மக்கா வணிக ஊர். முகத்தலுக்கு மதீனாவின் அளவையும் நிறுத்தலுக்கு மக்காவின் எடையையும் கொள்ளுமாறு நபிமொழி கூறுவதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

ஆயினும் ஸாஉவின் நிறை எவ்வளவு? எட்டு ரத்தல் என்றனர் கூஃபாவின் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்). அவர்தம் மாணாக்கர் அபூ யூசுஃப் (ரஹ், மறைவு கி.பி. 798) மதீனா சென்று இதனை வினவினார். ஊரார் வாதம் செய்யவில்லை. மறுநாட் காலை முஹாஜிர், அன்ஸார் மரபில் வந்த முதியோர் ஐம்பதின்மர் வரை, தத்தம் இல்லத்து ஸாஉவை மேலாடைக்குள் ஏந்தி வந்தனர். தந்தையர் வழியாகப் பெற்ற அளவு இது என்றனர். கலங்கள் யாவும் ஒத்திருந்தன. நிறுத்துப் பார்த்தபோது ஐந்தேகால் ரத்தலுக்குச் சற்று மேல். ஐந்தும் மூன்றில் ஒன்றுமாகிய கணக்கை ஒட்டி நின்றது. ஆசிரியரின் கூற்றை அன்றே அவர் விட்டார் என்பது அறிவிப்பு.

மதீனா ரத்தல் முப்பது இஸ்தார், பக்தாது ரத்தல் இருபது இஸ்தார். ஆகவே இரண்டும் நூற்றறுபதே, கருத்து வேற்றுமையே இல்லை என்று சமாதானம் சொன்னாரும் உளர். கணக்கு அழகியதே. ஆனால் வேற்றுமை இல்லையெனில் அபூ யூசுஃப் எதனை விட்டார்?

இனி, எதை நிரப்பி நிறுப்பது? கொள்ளளவும் நிறையும் ஒத்துவரும் பொருளால் என்றார் இமாம் தஹாவீ. பயறும் மைசூர்ப் பருப்பும் போன்றவை அவை என விளக்கினர் பின்னோர். இமாம் நவவீ (ரஹ், மறைவு 1277) இன்னும் நுட்பமாக நோக்கினார். பக்தாது ரத்தல் 128 4/7 திர்ஹம் எனக் கொண்டு ஸாஉவை 685 5/7 திர்ஹம் என வரையறுத்த அவரே, தானியத்திற்குத் தானியம் நிறை மாறுமாதலின் முகத்தலே மூலம், நிறை அதற்கோர் அணுக்கமே என்றும் எழுதினார். நம் மதரஸா மாணவர் எண்ணை மனனம் செய்து இவ்விரண்டாம் பகுதியை விரைந்து கடந்துவிடுவர்.

திர்ஹமை 2.975 கிராம் எனக் கொண்டால் அவ்வெண் ஏறத்தாழ 2.04 கிலோ ஆகும். நல்ல கோதுமைக்கு இது பொருந்தும். அரிசிக்கு 2.5 கிலோ என்போரும் 3 கிலோ என்போரும் இன்று உளர்.

வணிகத்திலும் இவ்வினா எழுந்தது. நபிமொழி முகத்தற்பொருள் என்றது, மக்கள் நிறுத்தே விற்கத் தொடங்கினாலும் முகத்தற்பொருளே என்றனர் அபூ ஹனீஃபா. ஊர் வழக்கே அளவுகோல் என்றார் அபூ யூசுஃப். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் நம் நாட்டிலும் படியும் மரக்காலும் போய்க் கிலோ வந்தது. ஃபித்ரா அரிசியும் தராசில் ஏறிற்று.

மேற்கே மொரோக்கோவில், மரீனிய மன்னர் அபுல் ஹஸன் (ஆட்சி 1331–1348) பித்தளையில் முத்துக் கலம் செய்வித்தார். அதன்மேல் பொறித்தது எடையை அன்று; எந்தக் கலத்தோடு எந்தக் கலம் ஒப்பிடப்பட்டது என்னும் தொடரை, நபித்தோழர் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் முத்து வரை.