நாட்கணக்கும் சாட்சியும்: அப்பலாச்சியன் நெடும்பாதையில் விரைவுச் சாதனையின் தொடக்கம் குறித்துச் சில ஐயங்கள்

அப்பலாச்சியன் நெடும்பாதையின் விரைவுச் சாதனைகளைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் ஏர்ல் ஷாஃபரின் 124 நாட்களிலிருந்தே தொடங்குகிறார்கள். 1948 ஏப்ரல் 4இல் ஜார்ஜியாவின் ஓகிள்தோர்ப் மலையில் புறப்பட்ட அவர், ஆகஸ்ட் 5இல் மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் உச்சியை அடைந்தார். அந்தத் தொடக்கத்தையே 2011இல் ஜிம் மெக்நீலி என்ற வழக்கறிஞர் கேள்விக்கு உள்ளாக்கினார். ஷாஃபர் தம்முடன் எடுத்துச் சென்ற குறிப்பேட்டை, பின்னாளில் அவர் எழுதிய நூலோடும் அன்றைய பாதையின் தடத்தோடும் ஒப்பிட்டு, ஏறத்தாழ 170 மைல் தூரத்தை அவர் நடக்கவே இல்லை என்றும், சாலை வழியாகவும் சில இடங்களில் வண்டியேறியும் கடந்தார் என்றும் வாதிட்டார்.

மெக்நீலியின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. அந்தக் குறிப்பேடு மழையில் நனைந்து நைந்த, வளையம் போட்ட ஒரு சிறிய தனித்தாள் ஏடு. இப்போது ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியக ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதை இத்தனை பொறுமையோடு நிலப்படத்தின் மேல் வைத்துப் படித்தவர்கள் அரிது. ஆனால் அவர் அதைக் குறுக்கு விசாரணைக்கு வந்த சாட்சியாகவே நடத்துகிறார். விடுபட்ட ஒவ்வோர் இடமும் குற்ற ஒப்புதலாகிவிடுகிறது. ஷாஃபர் அதை எழுதிய சூழல் வேறு. கேட்டிருந்த வழிகாட்டி நூல்கள் புறப்படும் முன் கைக்கு வந்து சேராததால், சாதாரணச் சாலை வரைபடங்களை நம்பியே நடந்தவர் அவர். பல இடங்களில் பாதை எது என்று தேடுவதே அன்றைய வேலையாக இருந்தது.

மெக்நீலியின் கணக்கு இடறுவது இங்கேதான். ‘நடக்காத மைல்’ என்று சொல்ல, நடந்திருக்க வேண்டிய பாதை ஒன்று தரையில் இருந்தாக வேண்டும். 1937 ஆகஸ்ட் 14இல் முழுமை பெற்ற பாதை, அடுத்த ஆண்டே நியூ இங்கிலாந்துப் புயலில் அறுபட்டது. வர்ஜீனியாவில் புளூ ரிட்ஜ் பார்க்வே சாலை நெடுந்தொலைவுக்கு அதை விழுங்கியது. போர்க்காலத்தில் புதர் வெட்டக்கூட ஆளில்லை. முனைக்கு முனை மீண்டும் தொடர்ச்சியாயிற்று என்று பாதை அமைப்பே அறிவித்தது 1951இல். அப்படியானால் 1948இல் 170 மைல் எதிலிருந்து குறைந்தது? வண்டியேறியதாகச் சொல்லப்படும் இடங்களுக்கு இந்த வாதம் விடையாகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தப் பகுதியில் மெக்நீலியின் வாசிப்பு இன்னும் நிற்கிறது.

ஸ்பிரிங்கர் மலை உச்சியில் பாறையில் பதித்திருக்கும் வெண்கலப் பலகையை இந்த விவாதத்தில் யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை. 1934இல் ஜார்ஜியா அப்பலாச்சியன் பாதைக் கழகம் வார்த்த பலகை அது. மூட்டையோடு ஏறும் நடையர் ஒருவரின் உருவம், பாதையின் பெயர், ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை என்ற குறிப்பு, காட்டோடு தோழமை நாடுவோருக்கான நடைபாதை என்னும் பொருள்பட ஒரு வரி, கழகத்தின் பெயர். அவ்வளவே. மைல் கணக்கு இல்லை, மலைப்பெயரும் இல்லை. அது வார்க்கப்பட்டபோது தென்முனை ஓகிள்தோர்ப். அந்த மலைப்பக்கம் கோழிப்பண்ணைகளும் பிறவும் பெருகியதால் 1958இல் முனை ஸ்பிரிங்கருக்கு மாறியது. ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் பலகை புதிய முனைக்கும் பொருந்திவிட்டது. அந்தத் தலைமுறைக்குப் பாதை என்பது இரண்டு மாநிலங்களை இணைக்கும் ஒரு போக்கு. அங்குலம் பிசகாத கோடு அல்ல. ஷாஃபர் நடந்ததும் அந்தப் பாதையைத்தான். ஒரே ஒரு பலகையின் மேல் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்பவர்கள் மைரன் ஏவரியை எனக்கு எதிராக நிறுத்தலாம். அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டே பாதை முழுவதையும் பகுதி பகுதியாக நடந்தவர் அவர். ஆனால் ஏவரி அளந்தது பாதையை, நடப்பவரை அல்ல.

நடப்பவரை அளக்கும் முறை பின்னால் வந்தது. 124 நாட்கள் என்பதையே எடுத்துக்கொள்வோம். புறப்பட்ட நாளையும் சேர்ந்த நாளையும் முழுதாகச் சேர்த்தால்தான் அந்த எண் வரும். கடிகாரக் கணக்கில் ஏறத்தாழ 123 நாட்கள்தான். சாதனை படைக்க வந்தவர் அப்படி எண்ணியிருக்க மாட்டார். போரில் இறந்த நண்பரோடு போட்ட திட்டத்தைத் தனியாக நிறைவேற்றியவரின் கணக்கு அது. பாதை அமைப்பினர் முதலில் நம்பவில்லை. குறிப்பேட்டையும் வண்ண ஸ்லைடுகளையும் காட்டி அவர்களுடைய கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே ஏற்றார்கள். 1965இல் கட்டாடினிலிருந்து தெற்கு நோக்கி 99 நாட்களில் அவர் மறுபடி முழுப்பாதையையும் நடந்ததை, வேகத்தை மனத்தில் வைத்த முதல் நடை என்று கொள்ளலாம் என்பது என் கருத்து. சான்று மெலிது. ஆனால் நாளுக்குப் பதினாறு மைலிலிருந்து இருபது மைலுக்குத் தாவியதை, வழி பழகிவிட்டது என்பதால் மட்டும் விளக்கிவிட முடியாது.

நிமிடக் கணக்கு வந்த பிறகும் சிக்கல் தீரவில்லை. 2011இல் ஜெனிஃபர் ஃபார் டேவிஸ் தெற்கு நோக்கி 2,181 மைலை 46 நாள், 11 மணி, 20 நிமிடத்தில் கடந்தார். 2015இல் ஸ்காட் ஜூரெக் வடக்கு நோக்கி 46 நாள், 8 மணி, 7 நிமிடம். வேறுபாடு 3 மணி 13 நிமிடம். இடைப்பட்ட ஆண்டுகளில் பாதையின் நீளம் 2,189 மைலாகியிருந்தது. எட்டு மைலை மணிக்கு மூன்று மைல் வீதம் நடக்க இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும். இடையே கூடியது முந்தைய சாதனையை முறியடித்த வித்தியாசத்தையே நெருங்கும் அளவு. இன்று துணைக்குழுவோடு, தானே பொருள் சேர்த்து, எந்த உதவியுமின்றி எனச் சாதனைகள் வகை பிரிந்துள்ளன. செயற்கைக்கோள் தடம் சாட்சியாகிவிட்டது. 2024 செப்டம்பரில் டாரா டௌவர் 40 நாள், 18 மணி, 6 நிமிடத்தில் முடித்தது அப்படிப் பதிவானதே. பாதை அமைப்போ வேகத்தை அங்கீகரிப்பதில்லை. முழுப்பாதையும் நடந்தேன் என்பவரின் சொல்லை நம்பியே சான்றிதழ் தருகிறது. ஷாஃபரைக் கேள்வி மேல் கேள்வி கேட்ட அதே அமைப்புதான். மெக்நீலி, செயற்கைக்கோள் காலத்துச் சாட்சியத்தை 1948இன் ஏட்டிடம் எதிர்பார்க்கிறார்.

இந்த வாதத்தை நீட்டினால் எனக்கே ஒரு தொல்லை வருகிறது. 1936இல் பிராங்க்ஸைச் சேர்ந்த ஆறு சாரணர்கள் மெய்னிலிருந்து ஜார்ஜியா வரை 121 நாட்களில் நடந்ததாக 1994இல் பாதை அமைப்பின் இதழில் செய்தி வந்தது. நெடுநடையாளர் சிலர் ஏற்றார்கள், பலர் ஐயுற்றார்கள், இன்றுவரை உறுதிப்படவில்லை. பாதை முழுமையடைய அப்போது இன்னும் ஓராண்டு இருந்தது என்பது வழக்கமான மறுப்பு. தொடர்ச்சியற்ற பாதையில் நடந்த ஷாஃபரை ஏற்கும் நான், அதே காரணத்தைச் சொல்லி அவர்களைத் தள்ள முடியாது. தள்ளுவதானால் ஒரே காரணம்தான்: ஷாஃபரிடம் அன்றன்று எழுதிய ஏடு இருக்கிறது, இவர்கள் பக்கம் அத்தகைய சான்று வரவில்லை. ஆகவே என் பட்டியலில் 124ஐ முதலில் வைத்து, 121ஐக் கேள்விக்குறியோடு அதன் மேலே எழுதியிருக்கிறேன்.