நினைவில் இடம்பெறாத கைகள்: இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக்கணினி குறித்த ஏக்கமும் டண்டீ நகரத் தொழிலாளர் வரலாறும்

ஆய்வுச்சுருக்கம்

1982இல் பிரிட்டனில் வெளிவந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் வீட்டுக்கணினியை, சிறுவயதில் அதனைப் பயன்படுத்தியோர் இன்று பெரும் ஏக்கத்துடன் நினைவுகூர்கின்றனர், பழுதுபார்த்துச் சேகரிக்கின்றனர். இந்நினைவு பயன்படுத்தியவரின் நினைவாக மட்டுமே நின்று, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அக்கணினியை உருவாக்கிய தொழிலாளரை, குறிப்பாகப் பெண்களை, விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: பழமை ஏக்கம், வீட்டுக்கணினி, பொருள்சார் பண்பாடு, பெண் தொழிலாளர், டண்டீ

முன்னுரை

பழமை ஏக்கத்தைக் குறிக்கும் 'நாஸ்டால்ஜியா' என்னும் சொல் 1688இல் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் பாசல் நகரில் அளித்த ஆய்வேட்டில் உருவானது. பிறந்த மண்ணைப் பிரிந்தோரைப் பீடிக்கும் நோயின் பெயராகவே அவர் அதனை அமைத்தார். மூன்று நூற்றாண்டுகளில் அச்சொல் நோயிலிருந்து விலகி உணர்வைச் சுட்டுவதாயிற்று; இடத்திலிருந்து காலத்திற்கும், காலத்திலிருந்து பொருளுக்கும் நகர்ந்தது. நம் அகமரபில் பொருள்வயிற் பிரிந்த தலைவன் மனிதரை நினைத்து ஏங்குவான். இங்கோ மனிதர் ஒரு பொருளை நினைத்து ஏங்குகின்றனர். 2001இல் வெளிவந்த தம் நூலில் ஸ்வெட்லானா பாய்ம் ஏக்கத்தை இருவகையாகப் பகுத்தார்: இழந்ததை அப்படியே மீளக் கட்ட முனைவது ஒன்று, இழப்பையே எண்ணிப் பார்த்து நிற்பது மற்றொன்று. பழைய கணினிகளைச் சேகரிப்போரிடம் முதல்வகையே மேலோங்கியிருப்பதாகத் தோன்றுகிறது. இக்கட்டுரையாளர் பிறப்பதற்கு முன்பே ஸ்பெக்ட்ரத்தின் உற்பத்தி நின்றுவிட்டது. எனவே இங்குக் கூறப்படுவன அவ்வேக்கத்தில் பங்கில்லாத ஒருவரின் கருத்துகள் என்பதைத் தொடக்கத்திலேயே குறிப்பிடுவது முறையாகும்.

விரல்களில் தங்கிய நினைவு

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிளைவ் சின்க்ளேரின் நிறுவனம் 1982 ஏப்ரல் 23 அன்று ஸ்பெக்ட்ரத்தை அறிமுகப்படுத்தியது. 16 கிலோபைட் நினைவகம் கொண்டது 125 பவுண்டு. 48 கிலோபைட் கொண்டது 175 பவுண்டு. வீட்டுத் தொலைக்காட்சியே திரை. வீட்டு ஒலிநாடாப் பெட்டியே சேமிப்புக் கருவி. ரிக் டிக்கின்சன் வடிவமைத்த கருநிறப் பெட்டியின்மேல் சாம்பல்நிற ரப்பர் விசைகள் அமைந்திருந்தன. பல உறுப்புகள் சேர்ந்த விசைப்பலகைக்கு மாற்றாக ஒரே ரப்பர் விரிப்பைப் பயன்படுத்தியது செலவைக் குறைக்கும் வழியாகும். இன்று அந்த ரப்பரின் தொடுவுணர்வே முதலில் நினைவுக்கு வருகிறது என்று அதனைப் பயன்படுத்தியோர் கூறுவர்.

இது தனித்துக் கருதத்தக்கது. ஸ்பெக்ட்ரத்தில் பேசிக் மொழிக் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சிட வேண்டியதில்லை. ஒரு விசைக்கு ஒரு கட்டளை. நாடாவிலிருந்து விளையாட்டை ஏற்றும் கட்டளைக்கு 'ஜே' விசை. அதனை அழுத்தியபின் மேற்கோள்குறியை இருமுறை இட்டு, நாடாவை ஓடவிட வேண்டும். கீச்சொலியும், திரையின் ஓரங்களில் ஓடும் வண்ணக்கோடுகளுமாகச் சில நிமிடங்கள் கழியும். பெரும்பாலும் இறுதிக் கணத்தில் பிழை நேர்ந்து, அனைத்தையும் மீண்டும் தொடங்க நேரிடும். எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு நிறங்களே இயலும் என்பதால், நகரும் உருவம் தான் கடக்கும் பின்னணியின் நிறத்தை மாற்றிவிடும். இக்குறைகளெல்லாம் அன்று எரிச்சலூட்டியவை. இன்று அவையே அடையாளங்களாகிப் போற்றப்படுகின்றன. குறைகளையும் விடாமல் காத்து வைத்திருக்கும் இந்நினைவு எதனை விட்டுவிட்டது என்பதே நம் வினா.

டண்டீயின் உற்பத்திக்கூடம்

ஸ்பெக்ட்ரம் கேம்பிரிட்ஜில் வடிவமைக்கப்பட்டது. ஆனால் அங்கு உருவாக்கப்படவில்லை. கடிகார உற்பத்தியில் பெயர்பெற்ற டைமெக்ஸ் நிறுவனத்தின் டண்டீ தொழிற்சாலையில் அது உருவானது. டண்டீ முன்னர்ச் சணல் ஆலைகளின் நகரம். ஆலைகளில் பெண்களே மிகுதியாகப் பணியாற்றியதால் அது 'பெண்களின் நகரம்' எனப்பட்டது. வேலையின்றி வீட்டிலிருந்த கணவர்மாரைக் 'கெட்டில் காய்ச்சுவோர்' என்று ஊரார் கேலிசெய்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த டைமெக்ஸ், நுண்ணிய கைவேலைக்குப் பழகிய இப்பெண்களைப் பெருமளவில் பணியமர்த்தியது. கடிகாரச் சந்தை சுருங்கியபோது அதே கைகள் மின்னணுப் பொருள்களுக்குத் திரும்பின. 1981இல் இசட்எக்ஸ் 81, அதனை அடுத்து ஸ்பெக்ட்ரம்.

1986இல் சின்க்ளேர் தன் கணினி வணிகத்தை 50 இலட்சம் பவுண்டுக்கு ஆம்ஸ்டிராட் நிறுவனத்திற்கு விற்றது. புதிய ஸ்பெக்ட்ரங்களின் உற்பத்தி கிழக்காசியாவிற்குச் சென்றது. டண்டீயில் வேலைகள் குறைந்தன. 1993 தொடக்கத்தில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் மூண்டது. பணிக்குத் திரும்ப வந்தோர் வாயிலில் தடுக்கப்பட்டனர். 343 பேர் நீக்கப்பட்டனர். மாற்றாட்களை ஏற்றிய பேருந்துகள் நுழையும்போது வாயிலில் நின்று முழக்கமிட்டோருள் பெரும்பாலோர் பெண்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் தொழிற்சாலை மூடப்பட்டது. ஸ்பெக்ட்ரத்தின் உற்பத்தி நின்றது 1992இல். அதனை உருவாக்கிய கூடம் அழிந்தது 1993இல். முதல் ஆண்டைச் சேகரிப்போர் அனைவரும் அறிவர். இரண்டாவதைத் தொழிற்சங்க வரலாற்றை எழுதுவோர் அறிவர். இவ்விரு வாசகர் கூட்டங்களும் ஒன்றையொன்று சந்திப்பது அரிது.

செத்த கரப்பான்

சேகரிப்போர் கணினியைத் திறந்து பார்க்காதவர் அல்லர். விசைப்பலகைக்கு அடியிலுள்ள மென்தகடு காலப்போக்கில் நொறுங்குகிறது, மின்தேக்கிகள் கசிகின்றன. அவற்றை அகற்றிப் புதியன பொருத்துவதில் அவர்கள் வல்லவர்கள். முதற்பதிப்பு மின்சுற்றுப் பலகை கொண்ட கணினியை அவர்கள் தனி ஆர்வத்துடன் தேடுவர். அப்பலகையின் முதன்மைச் சில்லு ஒன்றின் வடிவமைப்பில் பிழை இருந்தது. அதனைச் சரிசெய்ய, கால்கள் மேல்நோக்கி இருக்குமாறு கவிழ்த்த கூடுதல் சில்லு ஒன்று கம்பிகளால் பற்றவைக்கப்பட்டது. அதன் தோற்றத்தால் 'செத்த கரப்பான்' என்னும் பெயர் வழங்குகிறது.

இக்கரப்பான் வடிவமைப்பாளரின் பிழைக்குச் சான்றாக எடுத்துக்காட்டப்படுகிறது, சிரிப்புடன் படமெடுக்கப்படுகிறது. அது கைவேலைக்கும் சான்று என்பது கவனம் பெறுவதில்லை. ஒவ்வொரு கம்பியையும் யாரோ ஒருவர் அமர்ந்து பற்றவைத்தார். பிழை நேர்ந்தது வரைபடத்தில். அதனைத் திருத்தியது உற்பத்தி மேசை. சேகரிப்பவர் பூதக்கண்ணாடிவழி காணும் பொருளிலேயே தொழிலாளரின் கைத்தடம் இருந்தும், அதனைப் படிக்கும் கேள்வி அவரிடம் இல்லை.

சோவியத் ஒன்றியத்தின் நிலை இதற்கு மாறானது. அங்கு 'லெனின்கிராத்', 'பென்டகன்' முதலிய ஸ்பெக்ட்ரம் நகல்களை வெற்றுப் பலகையாக வாங்கி, உறுப்புகளைத் தேடிப்பிடித்துத் தாமே பற்றவைத்தோர் பலர். அவர்களின் நினைவில் பற்றவைப்பும் புகையும் இயல்பாகவே இடம்பெறுகின்றன. செய்தவரும் விளையாடியவரும் ஒருவரே. பிரிட்டனின் ஏக்கம் உழைப்பை மறந்தமைக்கு அன்புக்குறைவு காரணமன்று. அக்கணினி ஒரு பிறந்தநாள் பரிசாக, பெட்டிக்குள் முழுமையாக, வீட்டுக்கு வந்து சேர்ந்ததே காரணம்.

மீளுருக்களும் ஒரு நிகழ்த்துகையும்

டண்டீயிலும் ஒரு நினைவுக்கதை உண்டு. தொழிற்சாலையிலிருந்து மலிவாகவோ பின்வாசல் வழியாகவோ கணினிகள் ஊருக்குள் பரவின. அவற்றில் பழகிய சிறுவர்களே பின்னர் விளையாட்டு உருவாக்குநர் ஆயினர் என்பது அக்கதை. இதில் உண்மைக்கூறும் உண்டு. டைமெக்ஸில் பணியாற்றிய டேவிட் ஜோன்ஸ், வேலை போனபோது கிடைத்த தொகையில் கணினி வாங்கினார்; பின்னர் டிஎம்ஏ டிசைன் நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கிருந்தே 1991இல் 'லெம்மிங்ஸ்', 1997இல் 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' ஆகிய விளையாட்டுகள் பிறந்தன. ஆனால் இக்கதையிலும் பெண்கள் பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்த தாயாகவும் அத்தையாகவுமே வருகின்றனர், செய்தவராக வருவதில்லை.

2017இல் பொதுமக்கள் நிதியுடன் தொடங்கிய 'ஸ்பெக்ட்ரம் நெக்ஸ்ட்' திட்டத்திற்கு முதல் வடிவமைப்பாளர் டிக்கின்சனே உறை வரைந்தார். 2024 நவம்பரில் 48 விளையாட்டுகளை உள்ளடக்கிய மற்றொரு மீளுரு ரப்பர் விசைகளுடன் விற்பனைக்கு வந்தது. இவை பாய்ம் கூறிய முதல்வகைக்குத் தக்க சான்றுகள்.

இரண்டாம் வகைக்குச் சான்று டண்டீயிலேயே கிடைக்கிறது. 2018இல், டைமெக்ஸ் தொழிற்சாலை இருந்த பகுதியையொட்டிய கேம்பர்டவுன் பூங்காவில் 'ஜெனரேஷன் இசட்எக்ஸ்(எக்ஸ்)' என்னும் நிகழ்த்துகையை மோனா பொஸ்டோக் அமைத்தார். கூடுதலாக அடைப்புக்குள் நிற்கும் 'எக்ஸ்' பெண்களைச் சுட்டுவது. கணினிகளைப் பொருத்திய பெண்களின் நினைவுக்கூற்றுகள் அதன் அடிப்படை. பார்வையாளர் அக்குரல்களைக் கேட்டவாறு நடந்தனர். அருங்காட்சியகங்களில் ஸ்பெக்ட்ரத்தின் அருகில் வைக்கப்படும் குறிப்புகளில் விலை, நினைவகம், வடிவமைப்பாளர் ஆகியன இடம்பெறுவது வழக்கம். அக்குரல்களை அங்கே சேர்க்கலாம். அவற்றுக்கு உரியோர் இப்போது முதுமையில் இருக்கின்றனர்.