மலைநாட்டின் கடல்வாயில்

மலைநாட்டாருக்கு உப்பு இல்லை. கரைநாட்டாருக்கு மலைச்சரக்கு இல்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருப்பதே அயலுறவின் வேர். இவ்வுண்மையை நம் மட்டக்களப்பின் பழைய வரலாறு நன்கு விளக்கும்.

ஈழத்தின் நடுவே மலைகளை அரணாகக் கொண்டு விளங்கியது கண்டி இராச்சியம். மேற்குக் கரை போர்த்துக்கேயர் வசமானபின், அவ்விராச்சியத்துக்கு வெளியுலகு நோக்கிய வாயில்களாக எஞ்சியவை கிழக்குக் கரைத் துறைகளே. அவற்றுள் ஒன்று நமது வாவிமுகம். இப்பகுதித் தலைவர்கள் கண்டி மன்னனுக்குத் திறை செலுத்தினர். எனினும் இவ்வுறவு திறையோடு நின்றதன்று. உப்பும் கருவாடும் பொதிமாடுகளில் மலையேறின. பாக்கு முதலான சரக்குகள் கீழிறங்கின.

1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்திறங்கினான். விமலதருமசூரிய மன்னனைக் காண அவன் கண்டிக்குச் சென்றதும் இங்கிருந்தேயாம். அடுத்து அரசாண்ட செனரத் மன்னன், போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து துரத்திய முஸ்லிம்களுக்குப் புகலிடம் அளித்தான். அவர்களுள் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயர் குறிப்புகளே கூறும். மலை மன்னன் சொல்ல, கரைநாடு இடங்கொடுத்தது. அவர்தம் வழியினர் இன்றும் நம் அயலவர்.

இந்த வாயிலை அடைக்கவே போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவிற் கோட்டை கட்டினர். இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்தான். 1638 மே 18இல் கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாட் கழித்து, மே 23ஆம் நாள், மன்னனும் தளபதி வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்தனர். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது பற்றிய விதியில், "மன்னன் விரும்பினால்" எனும் கருத்து மன்னனின் பிரதியில் இருந்தது; ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை!

அந்தச் சிறு வேறுபாடு பெருங்கேடாயிற்று. 1640இல் காலி பிடிபட்டது. ஆனால் மன்னன் கைக்கு வரவில்லை. 1658இல் போர்த்துக்கேயர் தீவை விட்டு நீங்கினர்; கரையில் ஒல்லாந்தர் நிலைத்தனர். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் தீவைச் சுற்றிய கரை முழுவதும் அவர்களுக்காயிற்று. கடல்வாயிலை இழந்த கண்டி, 1815இல் ஆங்கிலேயருக்கு அடிபணிந்தது.

பிரதிகள் வேறுபட்ட உடன்படிக்கை நட்பை முறித்தது. எழுத்தில்லாத உப்புப் பொதியின் உறவோ தலைமுறை தலைமுறையாக நடந்தது. காரணம் யாது? அதில் இருவருக்கும் ஒரே பொருள் விளங்கிற்று. இருவருக்கும் தேவையும் இருந்தது.

இது நம் தீவின் பழங்கதை மட்டுமன்று. இமயமலையில் கடலற்ற நேபாளம், கல்கத்தாத் துறைமுகத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்தது. 1989 மார்ச்சில் இந்தியாவுடனான வணிக, போக்குவரத்து உடன்படிக்கைகள் காலாவதியானதும் எல்லைவழிகளிற் பெரும்பாலானவை அடைபட்டன. மண்ணெண்ணெய்க்கும் மக்கள் தவித்தனர். 1990இலேயே நிலைமை சீரடைந்தது. அதே இமயப் பகுதியில் வேறொரு வழியும் காணப்பட்டது. 1983இல் காத்மண்டுவில் ஒரு மலையாய்வு நிலையம் தோன்றிற்று. இந்தியா, சீனா, பாகிஸ்தான், நேபாளம், பூட்டான், வங்காளதேசம், மியன்மார், ஆப்கானிஸ்தான் ஆகிய எட்டு நாடுகள் அதில் உறுப்பினர். எல்லைத் தகராறு உள்ளோரும் பனியாறுகளையும் வெள்ளங்களையும் பற்றிய அறிவைப் பகிர அங்கே இடமுண்டு. நீருக்கு எல்லைக்கல் தெரியாதன்றோ!

நம் வாவிக்கும் அது தெரியாது. மேற்கே உயர்நிலத்திற் பெய்யும் மழை நம் வயலையும் வாவியையும் வந்தடைகிறது. மேலே காடழிந்தால் கீழே வெள்ளம். கீழே முகத்துவாரம் தூர்ந்தால் மீனவர்க்கும் வேளாளர்க்கும் ஒருங்கே துன்பம். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எவரும் இதில் தனித்து நிற்க இயலாது.

அயலாரோடு பேசப் புகும் நம் இளைஞர் 1638ஆம் ஆண்டை நினைவிற் கொள்க. எழுதுவதை இருவர்க்கும் விளங்கும் மொழியில் எழுதுவோம். இரு பிரதியும் ஒன்றாயிருக்கக் காண்போம். கொடுப்பதும் கொள்வதும் வெளிப்படையாயின், மலையும் கடலும் என்றும் அயலே.