"ஒண்டுமில்லை" எண்டு திருப்பி அனுப்பப்பட்ட இதயங்கள்

நெஞ்சு படபடக்கும், கை விறைக்கும், மூச்சு எடுக்கேலாது, இப்பவே செத்துப்போவன் போல இருக்கும். ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். ஈ.சி.ஜி. எடுப்பினம். "ஒண்டுமில்லை, வீட்ட போங்கோ." எங்கட வட்டத்திலேயே இப்படித் திரும்பி வந்தவர்கள் இருக்கிறோம். அந்த "ஒண்டுமில்லை"க்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் பிலடெல்பியாவின் இராணுவ மருத்துவமனையொன்றில் ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற வைத்தியர் இருந்தார். நெஞ்சுவலி, படபடப்பு, மூச்சுமுட்டல் என்று சிப்பாய்கள் அவரிடம் வந்தார்கள். இதயத்தில் பழுதொன்றும் பிடிபடவில்லை. 300இற்கும் அதிகமானோரைப் பார்த்துவிட்டு, 1871இல் இதற்கு 'எரிச்சலுற்ற இதயம்' எனப் பெயரிட்டார். கடும் அணிநடை, காய்ச்சல், வயிற்றோட்டம் என்பவையே காரணம் என நினைத்தார். அவர் கண்ட எல்லாமே இன்று நாம் சொல்லும் பீதித் தாக்கம் என்று அடித்துச் சொல்லமுடியாது. முதலாம் உலகப்போரிலும் அதே முறைப்பாடுகள் வந்தன, பெயர் மட்டும் 'சிப்பாயின் இதயம்' என்றானது.

இடையில் 1895இல் பிராய்ட் பதகளிப்பைத் தனி நோயாகப் பிரித்தார். காரணத்தைப் பாலியல் வாழ்வில் தேடினார். அது அவர் பாடு.

எங்களுக்குப் பிடித்த பகுதி இனித்தான். 1959 அளவில் நியூயோர்க்கின் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்ட் கிளைன், இமிப்ரமின் என்ற புதிய குளிசையைக் கொடுத்துப் பார்த்தார். சில நோயாளிகள் நாளுக்குப் பலமுறை தாதியரிடம் ஓடிவந்து "சாகப்போறன்" என்பார்கள். தாதியர் பக்கத்தில் இருந்து ஆற்றுவார்கள், கொஞ்சத்தில் அடங்கும். சில வாரங்களாகியும் மாற்றமில்லை என்றே நோயாளியும் சொன்னார், வைத்தியரும் நினைத்தார். கண்டுபிடித்தது வார்ட்டில் நின்றவர்கள்: ஆள் இப்ப ஓடி வாறதில்லையே! பயம் அப்படியே இருந்தது, தாக்கம் மட்டும் நின்றிருந்தது. ஆக இரண்டும் ஒன்றல்ல. 1964இல் கிளைன் இதை எழுதினார். 1980இல் அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பீதிக் கோளாறு தனிப் பெயரோடு ஏறியது.

1986இல் ஒக்ஸ்போர்ட்டின் டேவிட் கிளார்க் அடுத்த முடிச்சை அவிழ்த்தார். படபடப்பை மாரடைப்பு என்று மனம் வாசிக்கிறது, அந்தப் பயத்தில் படபடப்பு இன்னும் கூடுகிறது. சிகிச்சையறையில் வேண்டுமென்றே வேகமாக மூச்சுவிடச் செய்து, அதே உணர்வை வரவழைத்துக் காட்டுவார்கள்.

முதல்தரம் வந்தால் ஈ.சி.ஜி. எடுக்கத்தான் வேணும். அது சரியாக இருந்தபிறகு அந்தப் பெயரை ஆராவது சொல்லியிருந்தால், எங்களில் ஒருவர் அதே மாதம் இன்னும் இரண்டு தரம் நடுச்சாமத்தில் ஓட்டோ பிடித்திருக்க மாட்டார்.